இரண்டு மணி மாத்திரை

மசிக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையோடு சரி. நகக்கண்ணில் எந்நேரமும் கறுப்பு மை ஒட்டிக்கொண்டிருப்பதால் கட்டிய கணவனிலிருந்து கீழ்வீட்டுக்காரர் வரை எல்லோருக்கும் அவள் மசிதான். மரப்பலகையில் உளியால் செதுக்கி, மை உருட்டி, காகிதத்தை மேலே படியவைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்த்துத் தேய்த்துப் படம் எடுப்பவள். சமையலறையில் இருந்த கரண்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனதைப் பற்றி அவள் கணவனைக் கேட்டால் ஒரு மணி நேரம் புலம்புவான்.

இந்தப் பைத்தியம் எங்கே பிடித்தது என்று யாராவது கேட்டால், அவள் ஒரு பிஸ்கட் உறையைச் சொல்வாள். அவளுக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஆறு. தங்கையை வீட்டில் சின்னவள் என்பார்கள். அந்தச் சின்னவள்தான் தெருவில் கிடந்த உறையைப் பொறுக்கிக்கொண்டு வந்து அக்காவிடம் நீட்டினாள். உறையில் ஒரு பெண் சிரிக்கிறாள். அச்சடிக்கும்போது சிவப்பு மட்டும் ஒரு நூல் தள்ளி விழுந்துவிட்டதால் பல் ஒரு பக்கம், உதடு ஒரு பக்கம். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சின்னவள் சிரித்தாள், மறந்தாள். மூத்தவளால் மறக்க முடியவில்லை. மஞ்சளை ஒரு தடவை, நீலத்தை ஒரு தடவை, சிவப்பை ஒரு தடவை என்று யாரோ தனித்தனியாக அழுத்தி அழுத்தித்தான் அந்த முகமே வந்திருக்கிறது என்று அவளுக்குக் காட்டிக்கொடுத்தது அந்தப் பிசகுதான். அடேயப்பா, ஒரு சிரிப்புக்கு இத்தனை பேர் வேலை பார்த்திருக்கிறார்களா என்று வாயைப் பிளந்தாள்.

மறுநாளே ஓர் உருளைக்கிழங்கைப் பாதியாக நறுக்கி, ஆணியால் மீன் செதுக்கி, அப்பாவின் பேனா மையைத் தடவி, சின்னவளைக் குப்புறப் படுக்கவைத்து முதுகெல்லாம் குத்தினாள். முப்பத்தாறு மீன். அம்மா மூத்தவளைத் துவைத்து எடுத்துவிட்டாள். "நான்தாம்மா குத்தச் சொன்னேன்" என்று பொய் சொல்லி நடுவில் புகுந்து சின்னவளும் இரண்டு அடி வாங்கிக்கொண்டாள். அன்றிலிருந்து மசிக்கு முதல் காகிதம் தங்கையின் முதுகுதான்.

பேட்டி எடுக்க வருகிறவர்கள் உத்வேகம், உள்ளொளி என்று வாய்க்குள் நுழையாத வார்த்தையெல்லாம் போட்டுக் கேட்பார்கள். "யாராவது சும்மா உட்கார்ந்திருந்தாப் போதுங்க, எனக்குக் கை ஊறும்" என்பாள் அவள். பொய்யில்லை. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவன் வாயைப் பிளந்து தூங்கும் படம் ஏழு வீட்டுச் சுவர்களில் தொங்குகிறது. அதில் ஒரு வீட்டுக்கு லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவனை அந்த அம்மாள் உற்றுப் பார்த்து, "உங்களை எங்கேயோ படுத்த மாதிரி பார்த்திருக்கேனே" என்று கேட்க, மனிதன் ஒரு வாரம் மசியோடு பேசவில்லை.

அது சிரித்துவிட்டுப் போகிற விஷயம். இது அப்படியில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பிற்பகல், வேலை அறையின் குறுக்கே கட்டிய கொடியில் பன்னிரண்டு படங்கள் கிளிப் போட்டுக் காய்ந்துகொண்டிருந்தன. பன்னிரண்டும் ஒரே படம். ஒரு பெண் தரையில் உட்கார்ந்திருக்கிறாள். முதுகு வாஷிங் மெஷினில் சாய்ந்திருக்கிறது. மடித்த துண்டு ஒன்றை மார்போடு சேர்த்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருக்கிறாள். அவ்வளவுதான் படம். முகத்தில் பாதியை மசி செதுக்காமல் கறுப்பாகவே விட்டிருந்தாள். மற்றப் பாதியில் இருந்த நாலைந்து கோடுகளுக்கு அவள் மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள். முதல் காகிதத்தை மூலையைப் பிடித்து மெல்ல உரித்தாள். இருபத்தைந்து வருடமாகக் காகிதம் உரிக்கிறாள். ஆனால் இந்தத் தடவை அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கண்காட்சிக் கூடத்தை நடத்துகிறவர் வாய் மூடாத ஆசாமி. அவரே வந்து பார்த்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் நின்றார். "வாசலுக்கு நேர் எதிர்ச் சுவர். அதுல இது மட்டும்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். சனிக்கிழமை திறப்பு.

சின்னவளிடம் சொல்லவேண்டும். பலகை முடியட்டும் சொல்லிக்கொள்ளலாம், முதல் பிரதி வரட்டும் சொல்லிக்கொள்ளலாம் என்று மசி மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். உள்ளதைச் சொன்னால் அவளுக்குப் பயம். சின்னவள் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் இந்தப் படம் இல்லாமல் போய்விடும். தங்கையும் வேண்டும், படமும் வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள வாயை மூடிக்கொண்டிருப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

கதவைத் தட்டாமல் உள்ளே வருகிற உரிமை சின்னவளுக்கு மட்டும்தான் உண்டு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற அவள், அக்காவுக்குச் செய்யக் கொடுத்திருந்த கண்ணாடியோடு வந்து நின்றாள்.

"அக்கா, உன் கண்ணாடி வந்தாச்சு. கிட்டத்துக்கும் தூரத்துக்கும் இது ஒண்ணே போதும். இனிமே ஊசியில நூல் கோக்க என்னைக் கூப்பிடாதே. ஐயோ, அந்தக் கையை வெச்சுத் தொடாதே. இரு, நானே மாட்டி விடறேன்."

மூக்கில் வைத்து, காதோரம் சரிபார்த்து, இரண்டடி பின்னால் போய் நின்று கடையில் கேட்கிற குரலிலேயே கேட்டாள். "தெளிவாத் தெரியுதா? என் பின்னாடி என்ன இருக்கு, சொல்லு பார்ப்போம்."

பின்னால் இருந்தது கொடி. புதுக் கண்ணாடியில் பன்னிரண்டு படங்களும் கோடு கோடாகத் தெரிந்தன. அக்காவின் முகம் போன போக்கைப் பார்த்துச் சின்னவள் தானே திரும்பினாள்.

கொடியோரமாக ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டே போனாள்.

"மெஷின் கதவு இந்தப் பக்கம் இல்லையே" என்றாள் கடைசியில். "எனக்கு இடது கைப்பக்கம்தானே கதவு இருந்தது?"

"அச்சுல எடுத்தா எல்லாம் இடம் வலமா மாறிடும்டி."

"ஓ."

மூன்று வருடத்துக்கு முன்னால் சின்னவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டது. குழந்தை அழவேயில்லை. அந்தச் சேதி அவள் உடம்புக்கு மட்டும் எட்டவில்லை. மூன்றாம் நாள் பால் கட்டிக்கொண்டு சட்டை நனைந்தது. அவள் கணவன் ஆஸ்பத்திரிக் காகிதங்களுக்காக அலைந்துகொண்டிருந்தான். அவள் வீட்டுக்குத் துணையாக மசி போனாள். கட்டிலில் படுக்கமாட்டேன் என்று எழுந்து போய்க் குளியலறைக்கு வெளியே தரையில் உட்கார்ந்த சின்னவளை யாராலும் அசைக்க முடியவில்லை.

"இதை எப்ப வரைஞ்ச?"

அப்புறமாக, ஞாபகத்தில் வைத்து வரைந்தேன் என்று சொல்லிவிடலாம். பொய் நாக்கு நுனிவரை வந்தது. புதுக் கண்ணாடிக்குள் தங்கையின் முகம் அவ்வளவு பக்கத்தில் தெரிந்ததால் மசியால் அதைச் சொல்ல முடியவில்லை.

"அன்னைக்கேதான். உன் முன்னாடி உட்கார்ந்து. மாத்திரைக் கவர் பின்பக்கத்துல."

சின்னவள் அங்கே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். "நீ மாத்திரை நேரம் எழுதிக்கிட்டிருக்கேன்னு நினைச்சேன்" என்றாள்.

"எழுதவும் செஞ்சேன்டி."

"மூணு வருஷமா நான் எல்லார்கிட்டயும் என்ன சொல்லிக்கிட்டிருக்கேன் தெரியுமா? அம்மா வந்து அழுதுட்டுப் போனாங்க. மாமியார் வந்து தைரியம் சொல்லிட்டுப் போனாங்க. எங்க அக்கா ஒருத்திதான் ஒரு வார்த்தை பேசாம, பென்சிலும் காகிதமுமா, நாள் முழுக்க என் எதிர்லயே உட்கார்ந்திருந்தான்னு. கடையில எல்லாருக்கும் தெரியும். போர் அடிக்கிற அளவுக்குச் சொல்லியிருக்கேன்."

மசி மேஜைமேல் கிடந்த உளியை எடுத்தாள். பிரதி எடுத்து முடித்ததும் பலகையின் குறுக்கே மூலைக்கு மூலை ஒரு கோடு வெட்டிவிடுவது இந்தத் தொழிலில் வழக்கம். அதற்குப் பிறகு அந்தப் பலகையிலிருந்து யாரும் படம் எடுக்க முடியாது.

"இப்பவே வெட்டிடறேன். பன்னிரண்டையும் கிழிச்சுடறேன். நீ சொல்லு."

"கீழ வை அக்கா. அந்தப் பாவத்தையும் என் தலையில கட்டாதே." சின்னவளின் குரல் உயரவில்லை. "நல்லா வந்திருக்கா?"

"என்னது?"

"படம். நீ செஞ்சதுல இது நல்லா வந்திருக்கா?"

இதற்காவது பொய் சொல்லியிருக்கலாம். "நான் செஞ்சதுலேயே இதுதான்டி நல்லது" என்றாள் மசி. சொல்லும்போதே அழுகை வந்தது. வெட்கங்கெட்ட பெருமையும் கூடவே வந்தது, அதை என்ன சொல்ல.

"அந்தக் கவர் இருக்கா?"

மசி எதையும் தூக்கிப்போடாதவள். அகலமான இழுப்பறையைத் திறந்தாள். பழைய பிஸ்கட் உறை வைத்திருந்த அதே கோப்புக்குள் மாத்திரைக் கவரும் இருந்தது. சின்னவள் வாங்கிப் பென்சில் படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பினாள். மறுபக்கம் மசியின் கையெழுத்தில் நேரங்கள் வரிசையாக இருந்தன. காலை எட்டு, டிக். பதினொன்று, டிக். இரண்டு. மாலை ஆறு, டிக்.

இரண்டுக்கு நேராக ஒன்றுமில்லை.

"ரெண்டு மணி மாத்திரை எனக்குக் கொடுத்தியா அக்கா?"

"கொடுத்திருப்பேன்டி. டிக் போட மறந்திருப்பேன்."

"கொடுக்கல. நானே எழுந்து போய்ப் போட்டுக்கிட்டேன். சுவரைப் பிடிச்சுக்கிட்டே சமையல்கட்டு வரைக்கும் போனேன். தண்ணி பிடிக்கும்போது டம்ளர் கை நழுவிக் கீழ விழுந்தது. நீ பக்கத்துலதான் இருந்த. திரும்பி வந்து அதே இடத்துல உட்கார்ந்தேன். அப்பதான் நீ தலையைத் தூக்கி, 'கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கோம்மா'ன்னு சொன்ன." சின்னவள் கவரை மேஜைமேல் வைத்தாள். "காத்து படட்டும்னு சொல்றேன்னு நினைச்சேன். திரும்பிக்கிட்டேன்."

மசி யோசித்துப் பார்த்தாள். அன்றைக்கு மதியம் துண்டின் இரண்டாவது மடிப்பு பிடிபடாமல் படாத பாடு படுத்தியது நினைவுக்கு வந்தது. அழித்து அழித்துப் போட்டது, பென்சில் முனை முறிந்தது, ஜன்னல் வெளிச்சம் கன்னத்தில் விழுந்ததும் ஆஹா என்று மனசு துள்ளியது, எல்லாம் நினைவுக்கு வந்தது. டம்ளர் விழுந்த சத்தம் எவ்வளவு தேடியும் வரவில்லை. எதிரே இருந்த இடம் காலியாகக் கிடந்ததும் வரவில்லை.

"படத்தை மாட்டிக்கோ" என்று சின்னவள் எழுந்தாள். "நான் வேண்டாம்னு சொல்லல. கோபத்துல பேசறதாவும் நினைக்காதே. நல்லாத்தான் இருக்கு. ஆனா எங்க அக்கா என் கூடவே இருந்தான்னு இனிமே என்னால யார்கிட்டயும் சொல்ல முடியாது."

அக்காவின் மூக்கில் கண்ணாடி நழுவியிருந்தது. சரிசெய்யக் கையை நீட்டியவள் பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். "ரெண்டு நாளைக்குத் தலை வலிக்கும். புதுக் கண்ணாடின்னா அப்படித்தான்" என்று வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

புதன், வியாழன் இரண்டு நாளும் மசி போன் செய்தாள். சின்னவள் எடுத்தாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்தாள். ஒரு சண்டை போட்டிருந்தாலும் மசிக்குத் தேவலை. பலகையை மடியில் வைத்துக்கொண்டு உளியை மூலையில் ஊன்றினாள். கை அழுத்த மறுத்தது.

"பேசாம இந்தப் படத்தை மட்டும் எடுத்துடேன்" என்றான் கணவன்.

"அவ வேண்டாம்னு சொல்லலையே."

"வேண்டாம்னு சொல்லியிருந்தா நீ திட்டிக்கிட்டே எடுத்திருப்ப. சொல்லாமப் போனாளே, அதுக்குத்தான் நீ முழிக்கிற" என்றான் அவன். லிஃப்டைத் தவிர ஒன்றும் தெரியாது என்று அவள் நினைத்திருந்த மனிதன்.

அவள் எடுக்கவில்லை. அவளைத் திட்டுகிறவர்கள் திட்டிக்கொள்ளலாம். இருபத்தைந்து வருடம் கரண்டி பிடித்துத் தேய்த்த கை அது. தன் கையிலிருந்து வந்ததிலேயே நல்லதை இழுப்பறையில் போட்டுப் பூட்ட அவளுக்கு மனசு வரவில்லை. சனிக்கிழமை காலை படம் வாசலுக்கு நேர் எதிரே தனியாகத் தொங்கியது.

வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே நின்றார்கள். கைகுலுக்கினார்கள். மசி கைகுலுக்கிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தடவை கதவு திறக்கும்போதும் புதுக் கண்ணாடியில் வருகிறவர் முகம் துல்லியமாகத் தெரிந்தது. ஒன்றும் சின்னவளுடையது இல்லை.

கூட்டம் குறைந்த பிறகு ஒரு பெண்மணி மட்டும் படத்தின் முன்னால் நின்றாள். காய்கறிப் பை தோளில் தொங்கியது. பக்கத்துக் கடைத்தெருவிலிருந்து சும்மா எட்டிப் பார்க்க வந்தவள் போலிருந்தது. நெடுநேரம் நின்றுவிட்டுத் தன்னையறியாமல் தன் மார்பின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"பால் கட்டினா இப்படித்தாங்க பிடிச்சுப்போம்" என்றாள் மசியிடம். "குழந்தை தங்கலையா?"

"தங்கல."

"யாருங்க இது?"

"என் தங்கச்சி."

பெண்மணியின் கண் நிறைந்துவிட்டது. மசியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நானும் ஒரு தடவை இப்படிக் கிடந்தேன். ஏன்னு கேக்க ஒரு ஆள் இல்ல. உங்க தங்கச்சிக்கு நீங்களாவது கூட இருந்தீங்களே, அதுவே பெரிசு."

மசி மறுபடி ஒருதடவை வாசலைப் பார்த்தாள்.

"இல்லீங்க" என்றாள். "அவ தனியாத்தான் இருந்தா."