காருக்குக் கட்டிய பூதம்

சின்னராஜின் பழைய கார் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த அன்றே அதற்குக் கண் பட்டுவிட்டது. அதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. பாலக்கோட்டு மெக்கானிக் சலாவுதீன் ரேடியேட்டர் ஒழுகலை அடைத்து, வண்டியைப் பளபளவென்று துடைத்தும் கொடுத்திருந்தார். எதிர்வீட்டு மாதையன் பல் குச்சியோடு வந்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"என்னய்யா, புது வண்டி கணக்கா மின்னுது!"

இது போதாதா? சின்னராஜின் மனைவி பூவிழி அன்றைக்கே சந்தையில் ஒரு பூதமுகம் வாங்கி வந்தாள். முறத்தளவு தகரம், முட்டைக்கண், கோரைப்பல், தொங்கும் சிவப்பு நாக்கு. வண்டியின் மூக்கில் இறுக்கிக் கட்டினார்கள்.

மறுநாளே காரிமங்கலம் ரோட்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்கு ஏறி, பானெட்டிலிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்பியது.

"பாத்தீங்களா அந்தாளு கண்ண!" என்றாள் பூவிழி.

சின்னராஜ் விரல் விட்டு நாளை எண்ணினார். ஞாயிற்றுக்கிழமை காரிமங்கலத்தில் தங்கை மகள் காவியாவுக்குக் காது குத்து. பிள்ளை உட்காரப்போவது இவர் மடியில். தாய்மாமன் சீரோடு சொந்தக் காரில் வந்து இறங்குவேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். பஸ்ஸில் போனால் மாதையன் ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

ஒர்க்‌ஷாப்புக்குக் கிளம்புமுன் பூதத்தைக் கழற்றி டிக்கியில் சாக்குக்கு அடியில் ஒளித்தார். தான் பார்த்த வேலைக்குப் பூதத்தைக் காவல் வைத்தார்களே என்று சலாவுதீன் மனசு நோகக்கூடாது பாருங்கள்.

சலாவுதீன் ஃபேனைப் பார்த்தார், பெல்ட்டைப் பார்த்தார், ரேடியேட்டர் மூடியை மாற்றினார், ரோட்டிலும் ஓட்டிப் பார்த்தார். முள் நடுவிலேயே சாதுவாக நின்றது.

"அண்ணா, எங்கிட்ட நல்லாத்தான் ஓடுது. உங்க மேலதான் கோவம் போல."

வீட்டுக்கு வந்ததும் பூவிழி பூதத்தைத் திரும்பக் கட்டினாள். இந்த முறை கற்றாழை, வேப்பங்கொத்து, எலுமிச்சை மாலை எல்லாம் சேர்த்து. கண் பலமான கண்ணாயிற்றே! வண்டி முன்னைவிடச் சீக்கிரம் கொதித்தது. மறுபடி ஒர்க்‌ஷாப், மறுபடி டிக்கியில் பூதம், மறுபடி சாதுவான முள்.

ஞாயிற்றுக்கிழமை சீர்த் தட்டுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். பாதி வழியில் புஸ்ஸ்! ஓரங்கட்டி நிறுத்தினால், புளியமரத்தடியில் பைக்கோடு சலாவுதீன்.

"இங்கதான நிக்குதுன்னு சொன்னீங்க. கையோட புடிக்கலாம்னு முன்னாடியே வந்துட்டேன்ணா."

சொல்லிக்கொண்டே முன்பக்கம் போனவர் அப்படியே நின்றார். அவர் பூதத்தைப் பார்த்தார். பூதம் அவரைப் பார்த்தது. அடுத்த நொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மைல் கல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"மூக்கையும் வாயையும் பொத்தி வெச்சா வண்டி எப்படிண்ணா மூச்சு வுடும்? ரேடியேட்டருக்குக் காத்தே போகலயே! எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"உங்க மனசு நோவுமேன்னுதான் பாய்..."

"மனசு நோவல. இத்தன நாளா மண்டைதான் நோவுது."

"கழட்டுனா கண்ணு பட்டுருமே?" பூவிழி விடவில்லை.

"அக்கா, வண்டி போனப்புறம் பின்னாடி நின்னு பாக்கறவங்க கண்ணுதான பொல்லாதது? பின்னாடி கட்டிட்டாப் போச்சு."

பூவிழிக்கு நியாயமாகப் பட்டது. சூடு தணிந்ததும் தண்ணீர் ஊற்றினார்கள். பூதம் டிக்கி மேல் ஏறியது. முள் நடுவை விட்டு அசையவில்லை. சீரும் வந்தது, மாமனும் வந்தார். மடியில் உட்கார்ந்து காவியா ஊரைக் கூட்டி அழுதாள். சின்னராஜ் காதுவரை சிரித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மொபெட்டில் வந்து இறங்கினார் மாதையன். முகம் வெளிறியிருந்தது.

"சின்னராசு, அந்தப் புளியமரத்துலருந்து உன் வண்டிக்குப் பின்னாலயே வந்தேன். உன் பூதம் நாக்கத் தொங்கப் போட்டுக்கிட்டு என்னையே பாக்குதுய்யா. பயந்துபோயி வழியிலயே நின்னுட்டேன். எனக்குக் கண்ணு பட்டிருக்கும். பூவிழியச் சுத்திப் போடச் சொல்லு!"

பூவிழி உப்பும் மிளகாயும் எடுக்கப் போனாள். அடக்கிய சிரிப்பில் அவள் தோள் குலுங்குவது சின்னராஜுக்கு மட்டும் தெரிந்தது.