பதினோரு முறை ஏறியவன்

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அக்காவ விழாவுக்குக் கூட்டிட்டுப் போனியே, எப்படி இருந்துச்சு?" நல்லா இருந்துச்சு என்று சொல்லியிருந்தால் இரண்டு வார்த்தையில் முடிந்திருக்கும். ஆனால் பயந்தவர்களுக்குச் சின்னதாகப் பொய் சொல்லத் தெரியாது. அதனால்தான் தினமும் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து, கைப்பேசியிடம் வாயால் சொல்லிச் சொல்லி இதை எழுதுகிறேன். நான் "முற்றுப்புள்ளி" என்று சொல்லும்போதெல்லாம் முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

இது கதை. இதில் வருகிற அவன் நான் இல்லை. (அம்மா, நான்தான்.)

2.

முதல் தொடக்கம்: பரந்த புல்வெளியின்மேல் பொன்னிற வெயில் – வேண்டாம். அன்று காலையிலிருந்தே தூறல்.

இரண்டாம் தொடக்கம்: சக்கர நாற்காலியில் அமர்ந்திருந்த அவளது கண்களில் ஒரு சோகம் –

அக்கா அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். இரண்டு வாரம் என்னோடு தங்க வந்திருக்கிறாள், சிவப்புப் பேனாவோடு. இந்த வரியை அச்செடுத்துக் காட்டியதும், "என் கண்ணுல இருந்தது தூக்கம்டா. சோகமெல்லாம் உன் கண்ணுலதான்," என்று அடித்துவிட்டாள்.

மூன்றாம் தொடக்கம், அக்கா அனுமதித்தது: அவன் அக்காவுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். யாரும் உன்னைத் தூக்க மாட்டார்கள்.

அது சின்ன வாக்கு இல்லை. கல்யாண மண்டபம், வங்கி, சினிமா, எங்கே படிக்கட்டு இருந்தாலும் எங்கிருந்தோ நான்கு ஆண்கள் முளைத்துவிடுவார்கள். முழங்கைக்குமேல் சட்டையை மடித்துக்கொண்டு, "அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க சார்" என்று வீடு மாற்றுகிறவர்கள் பீரோவைத் தூக்குகிற மாதிரி அக்காவைத் தூக்குவார்கள். இறக்கிவைத்த பிறகு ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வார்கள். இந்தத் தடவையும் ஒரு கை பட்டால், ஊருக்குத் திரும்பும் நாள்வரை அவன் அறையை விட்டு வெளியே வரப்போவதில்லை என்று அக்கா சொல்லிவிட்டாள். சொன்னால் செய்வாள்.

3.

அவனுடைய வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திறந்தவெளிக் கலைவிழா. ஒரு பெரிய மைதானம், இரண்டு முனையில் இரண்டு மேடை, நடுவே சேறு. உடல் ஊனமுற்றவர்கள் சிரமமில்லாமல் வந்து பார்க்க ஏற்பாடு செய்வதுதான் அவன் பொறுப்பு. களப் பொறுப்பாளர் கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். எல்லோருக்கும் அவர் விசிலம்மா. முதல் நாளே ஒரு வெற்றுத் தாளைக் கொடுத்து, "என்னென்ன பார்க்கணுமோ நீயே பட்டியல் போட்டுக்க தம்பி," என்றார்.

பயந்தவனிடம் பட்டியல் போடச் சொல்லக் கூடாது. அறுபத்துநான்கு வரி போட்டான். சேற்றின்மேல் கெட்டியான விரிப்பு. காது கேளாதவர்களுக்குக் கைமொழியில் சொல்கிறவர் நிற்க வெளிச்சமான இடம். சத்தம் தாங்காதவர்களுக்கு ஓர் அமைதிக் கூடாரம். வழிகாட்டும் நாய்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம்.*

(* கிண்ணத்தில் அவனே குடித்துப் பார்த்தான் என்று விசிலம்மா சொல்வது பொய். முகர்ந்துதான் பார்த்தான்.)

எல்லாவற்றிலும் அவன் பெருமைப்பட்டது பார்வை மேடை. கூட்டத்தின் தலைகளுக்கு மேலே தெரியும்படி இடுப்பளவு உயரத்தில் ஒரு தளம். ஏற, கழற்றி மாட்டக்கூடிய ஒரு சாய்தளம் (ரேம்ப்). இரவல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து அவனே பதினோரு முறை ஏறிப் பார்த்தான். மழையில், மூட்டையோடு, ஒரு கையால். ஒவ்வொரு முறையும் மேலே போய்ச் சேர்ந்ததும் பட்டியலில் குறித்துக்கொள்வான். அடுத்த வேலை காத்திருக்கும். எழுந்து கீழே குதித்துவிடுவான்.

கடைசி வாக்கியத்தை அக்கா இரண்டு முறை அடிக்கோடிட்டிருக்கிறாள். பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

4.

விழாவன்று மத்தியானம் அக்கா ஏறினாள். தானே, சக்கரத்தைத் தானே தள்ளிக்கொண்டு. பக்கத்தில் இன்னொரு சக்கர நாற்காலியில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர், மடியில் போர்வையோடு. நாடகம் தொடங்கியது. அவன் நிம்மதியாக நாற்பத்தோராம் வரியைக் குறித்தான்: எல்லோரும் ஏறியாயிற்றா? ஆயிற்று. நாற்பத்திரண்டாம் வரி: வேலை முடிந்த பொருள்களை அடுத்த மேடைக்கு அனுப்பவும்.

அந்த வரியையும் எழுதியது அவன்தான்.

பணியாட்கள் ஒழுக்கமானவர்கள். பட்டியலில் இருந்தபடி சாய்தளத்தைக் கழற்றி, மைதானத்தின் மறுமுனைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

நாடகத்தில் ராஜா செத்தார். கூட்டம் கைதட்டிக் கலைந்தது. அக்கா நாற்காலியைத் திருப்பிக்கொண்டு தளத்தின் ஓரத்துக்கு வந்து, கீழே பார்த்தாள். புல் இருந்தது.

அவன் பட்டியலைப் பார்த்தான். அக்காவால் செய்ய முடியாத ஒரே காரியத்தைப் பதினோரு முறை செய்துவிட்டு, எல்லாம் சரி என்று குறித்துவைத்திருக்கிறான். அதற்குள் நான்கு பேர் சட்டையை மடித்துக்கொண்டு வந்துவிட்டார்கள். (கதைக்காகச் சேர்க்கவில்லை. நிஜமாகவே சரியாக நான்கு பேர்.)

"தூக்குறதா இருந்தா இந்த மேடைய எடுத்துட்டுப் போங்க," என்றாள் அக்கா. "நான் ரேம்ப்லதான் ஏறினேன். ரேம்ப்லதான் இறங்குவேன்."

நீதிபதி போர்வையைச் சரிசெய்துகொண்டார். "இறங்குறது ஒத்திவைக்கப்படுது," என்றார்.

நாடகக் குழுவுக்கு ஒரு வழக்கம். எதிரே ஒரு பார்வையாளர் உட்கார்ந்திருக்கும்வரை வேஷத்தைக் கலைக்க மாட்டார்கள். இங்கே இரண்டு பேர், உட்கார்ந்தே வந்தவர்கள். வேறு வழியில்லாமல் நாடகத்தை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். ராஜா மறுபடி செத்தார். எழுந்து பார்த்தால் இருவரும் அங்கேயே இருக்கிறார்கள். மண்ணைத் தட்டிக்கொண்டே, "அம்மா, இன்னொரு தடவை சாகணுமா?" என்று கேட்டார்.

"இந்த வாட்டி பாதியிலேயே கண்ணைத் திறந்துட்டீங்க. திருத்திட்டுச் செய்ங்க," என்றாள் அக்கா.

5.

அவன் மறுமுனைக்கு ஓடினான். அங்கே சாய்தளத்தின்மேல் ஒரு யானை இருந்தது.

மூங்கிலும் துணியும் சேர்த்துக் கட்டிய யானை. காலடியில் சக்கரங்கள், வயிற்றுக்குள் ஐந்து பேர். அந்த மேடைக்குப் பாதி ஏறியிருந்தது. நிலைமையைத் துதிக்கையிடம் விளக்கினான். முழுசாக ஏறிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வயிற்றிலிருந்து பதில் வந்தது. இரண்டு நிமிடம். ஏறியது. அவன் சாய்தளத்தைக் கழற்றியபோது பின்னங்கால் மட்டும் சந்தேகமாகக் கேட்டது:

"தம்பி, அப்ப நாங்க எப்படி இறங்குறது?"

அறுபத்துநான்கு வரியில் இல்லாத கேள்வி. அவன் அங்கேயே, யானையின் காலில் தாளை வைத்து அறுபத்தைந்தாவது வரியை எழுதினான்: இறங்க. அதற்குக் கீழே: யானையும்.

6.

இனி முடிவு.

முதல் முடிவில் நால்வரும் அக்காவை நோகாமல் இறக்கிவிடுகிறார்கள், எல்லோர் கண்ணிலும் நீர். அக்கா குறுக்கே கோடு போட்டுவிட்டாள்.

இரண்டாம் முடிவில் யானையே மைதானத்தைக் கடந்து வந்து, மண்டியிட்டு, அக்காவை முதுகில் – (அது இறங்க முடியாமல் நிற்பதை மறந்துவிட்டேன்.) "இறங்கினாலும் வேணாம். யானை தூக்கினாலும் தூக்குறதுதான்," என்றாள் அக்கா.

அப்புறம் உண்மையில் எப்படி இறங்கினாயோ அதையே எழுதிவிடுகிறேன் என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "எழுதாத. எழுதினா எல்லாரும் படிச்சிட்டு நிம்மதியாயிடுவாங்க."

எனவே அவன் இன்னும் மைதானத்தின் நடுவில்தான் நிற்கிறான், அமைதிக் கூடாரத்துக்குப் பக்கத்தில். சாய்தளத்தின் ஒரு முனை அவன் கையில், மறுமுனை சேற்றில். ஓர் ஆள் தூக்குகிற எடை இல்லை, இதுவரை இழுத்தே வந்துவிட்டான். விசிலம்மாவைக் கூப்பிடலாமென்றால், கூடாரத்துக்குப் பக்கத்தில் சத்தம் போடக் கூடாது. பதினேழாம் வரி.

இதைப் படிக்கிற உங்களுக்கு இரண்டு கை இருக்கிறது, அதில் ஒன்று சும்மாதான் இருக்கிறது. சித்தப்பா, இடுப்புவலி என்று சொல்லாதீர்கள். நேற்று நீங்கள் ஆடிய வீடியோ பார்த்தேன். கைப்பேசியைக் கீழே வையுங்கள். முழங்காலை மடக்கிக் குனிந்து, அந்த முனையைப் பிடியுங்கள். சட்டையை மடிக்க வேண்டாம், அக்காவுக்குப் பிடிக்காது. சீக்கிரம், ராஜா நான்காம் தடவை சாகப் போகிறார்.

அவள் இறங்கினதும் போய்விடாதீர்கள். இதை யானைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.