பதினான்காம் கட்டிலுக்குப் பத்தியம்

சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் முள்ளிக்குடாவின் கடல் காய்ச்சலோடு அரசு மருத்துவமனைக்கு வந்தது. வரிசையில் நாற்பத்தோராவதாக நின்று சீட்டு வாங்கியது. பெஞ்சில் இடம் இல்லாததால் தரையில் சுவரோரமாக உட்கார்ந்துகொண்டது. முள்ளிக்குடாவின் கடல் என்றால் கரையிலிருந்து பனைத்தீவு வரைக்கும் உள்ள ஏழு கிலோமீட்டர். அதற்கு அப்பால் இருப்பது வேறு ஊர்க் கடல்.

அதன் பக்கத்தில் பெர்பெத்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். சர்க்கரை பார்க்க வெறும் வயிற்றில் ஒருமுறை ரத்தம் கொடுத்துவிட்டாள். இட்லி சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொருமுறை கொடுக்க வேண்டும். சேலை ஓரம் நனைந்ததும் தூக்குவாளியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள்.

நாற்பத்தொன்று என்று கூப்பிட்டதும் கடல் எழுந்து போனது. நர்ஸ் கோமளா காய்ச்சல்மானியை வைத்துப் பார்த்தார். முப்பத்திரண்டு டிகிரி செல்சியஸ். மனிதருக்கு அது குளிர். கடலுக்கு அது கொதிக்கிற காய்ச்சல்.

"அட்மிட் பண்ணணும். கூட யாரு வந்திருக்கா?"

கூட ஆள் இல்லாமல் யாருக்கும் கட்டில் கொடுப்பதில்லை என்பது மருத்துவமனை விதி. கோமளா இன்னொருமுறை கேட்டார். கூடத்தில் இருந்தவர்கள் அவரவர் காலைக் குனிந்து பார்த்தார்கள். எல்லார் காலும் நனைந்திருந்தது.

ஆஸ்பத்திரியில் யாரும் தனியாக உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது பெர்பெத்தம்மாளின் கொள்கை. நாற்பத்தாறு வயதுக்குள் ஊரில் பாதிப் பேருக்குத் துணை இருந்திருக்கிறாள். பிரசவம், குடலிறக்கம், எலும்பு முறிவு என்று எதையும் விட்டதில்லை. ஐந்து வருடமாகப் பேசாதிருந்த நாத்தனாருக்குக்கூட ஒன்பது நாள் இருந்து, ஒரு வார்த்தை பேசாமல் கஞ்சி ஊட்டிவிட்டு வந்தவள். அவள் எழுந்து மேசைக்குப் போனாள்.

"நான் இருக்கேன் சிஸ்டர்."

கோமளா படிவத்தைத் திருப்பி வைத்தார். நோயாளியின் பெயர், கடல். வயது என்ற கட்டத்தில் பெர்பெத்தம்மாள் 'பெரிய ஆள்' என்று எழுதினாள். அடுத்த கட்டம் உறவுமுறை. அங்கே பேனா நின்றது.

ஊரில் எல்லாரும் அதைத் தாய் என்றுதான் சொல்வார்கள். பாட்டில் அப்படி, ஜெபத்தில் அப்படி, சண்டையில் சத்தியம் செய்யும்போதும் அப்படி. ஆனால் தாய்க்குக் காய்ச்சல் என்றால் அவள் ஒன்றுமில்லை என்பாள், நீ போய்ச் சாப்பிடு என்பாள். இதுவோ எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாமல், கண்ணும் முகமும் காந்த, சுவரில் சாய்ந்து நின்றது. பெர்பெத்தம்மாள் 'தாய்' என்று எழுதினாள்.

கோமளா படித்துப் பார்த்தார். "கடல் உங்களுக்குத் தாயா, நீங்க கடலுக்குத் தாயா?"

"நான்தான் தாய்."

கோமளா முத்திரை குத்தினார்.

பதினான்காம் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. ஏழு கிலோமீட்டரையும் ஜமுக்காளம்போல நீளவாக்கில் மடித்து, பிறகு குறுக்கே மடித்து, கடலை அதில் படுக்க வைத்தார்கள். மடிக்கும்போது மேல்பக்கம் சுவரைப் பார்த்தும் உள்பக்கம் நடைபாதையைப் பார்த்தும் அமைந்துவிட்டது. நோயாளியைத் திரும்பத் திரும்பப் புரட்டக் கூடாது என்பதால் அப்படியே விட்டுவிட்டார்கள்.

டாக்டர் மெஹருன்னிசா பதினொரு மணிக்கு வந்தார். ஸ்டெத்தை வைத்து வெகுநேரம் கேட்டார். அடிவயிற்றை அழுத்தினார். பவளப்பாறைகள் வெளுத்துப்போன எலும்புபோல நின்ற இடத்தில் விரலை வைத்ததும் கடல் முனகியது.

"உள்ள என்னவோ அடைச்சிருக்கு. அதை எடுக்கணும்னா முதல்ல காய்ச்சல் இறங்கணும்" என்றார். சீட்டைப் பார்த்தார். "தாய் நீங்கதானே? பால்குடிப் பிள்ளைக்கு நேரா மருந்து கொடுக்க மாட்டோம்மா. தாய்தான் பத்தியம் இருக்கணும்."

"இருக்கேன் டாக்டர். ரெண்டு பிள்ளைக்கு இருந்தவதான்."

"இது அதைவிடக் கடுமை" என்று டாக்டர் எழுத ஆரம்பித்தார். கேரி பேக்கைக் கையால் தொடக் கூடாது. வீட்டுக் கழிவு எதுவும் ஓடைக்குப் போகக் கூடாது. முட்டை மீனும் குஞ்சு மீனும் சட்டியில் ஏறக் கூடாது. கடலடியைச் சுரண்டி வரும் இழுவை மடி வலையில் பிடித்த மீன் வாசம்கூட ஆகாது.

கடைசி வரியில் பெர்பெத்தம்மாளின் கண் நின்றது. அவள் கணவன் ததேயுவின் படகில் இருப்பது இழுவை மடிதான். சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஒரு வாரம் அவள் வார்டிலேயே பத்தியம் இருந்தாள். ரசமும் சுட்ட அப்பளமும்தான். எட்டாம் நாள் கோமளா காய்ச்சல் பார்த்தார். முப்பத்தொன்று புள்ளி ஒன்பது ஒன்பது.

டாக்டர் அட்டையைப் பார்த்து, "பத்தியம் சரியாத்தான் இருக்கு. ஒரு தாய் போதலை" என்றார்.

இதற்குள் ஊரில் பொறுமை போய்விட்டது. கடல் படுத்துக்கொண்டதால் குடா முழுக்கச் சேறாகக் கிடந்தது. படகுகள் எல்லாம் ஒருக்களித்துப் படுத்திருந்தன. ஒன்பதாம் நாள் ததேயு வார்டுக்கு வந்தான். பின்னால் படகுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வாசலோடு நின்றார்கள். அவன் கையில் ஒரு தாள் இருந்தது. டாக்டர் சொல்லைக் கேளாமல் எங்கள் பொறுப்பில் கூட்டிப் போகிறோம் என்று எழுதிக் கொடுக்கிற தாள். அதில் கையெழுத்துப் போடத் தாய் ஒருத்திக்குத்தான் உரிமை.

"போட்டுக் கொடு. வீட்டுல வச்சுப் பாத்துக்கிடலாம்" என்றான் ததேயு.

"வீட்டுல யாரு பாக்க? நீரா?"

"எத்தனை நாளுக்குச் சேத்துல உக்காந்திருக்கச் சொல்லுத?"

"கண்ணுக்கு முன்னால காய்ச்சல் அடிக்குது. இதை எழுப்பிட்டுப் போயி எந்த வலையைப் போடப் போறீரு? உமக்கு நூத்தி ரெண்டு அடிச்சப்போ உம்மை எழுப்பித் தொழிலுக்கு அனுப்புனேனா?"

ததேயு தாளை அவள் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனான். கோபத்தில் அவன் நடை எப்போதும் மெதுவாகிவிடும். நடைபாதையின் கோடி வரைக்கும் அவன் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்துநான்கு வருடத்தில் அவன் கேட்டு அவள் மறுத்தது இதுதான் முதல்முறை. ஈரத்துணியைப் பிழிந்து கடலின் நெற்றியில் போட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குள் போனாள்.

அவள் யாரிடமும் பிரசங்கம் செய்யவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று, "நாலு மணிக்கு மேல பாக்க விடுவாங்க. வந்து ஒரு எட்டுப் பாத்துட்டுப் போங்க" என்றாள். நோயாளியைப் பார்க்கக் கூப்பிட்டால் வராமல் இருப்பது முள்ளிக்குடாவில் வழக்கமில்லை. ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு வந்தார்கள். கேரி பேக்குகளைக் கோமளா வாசலிலேயே வாங்கிக்கொண்டார்.

வந்தவர்கள் எல்லாரும் கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள். ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் மேல்பக்கம். இப்போது உள்பக்கம் அவர்களைப் பார்த்துப் படுத்திருந்தது. பஸ் டிரைவர் ஒருவர் சாத்துக்குடியை உரித்தபடியே நின்று, உரித்ததைத் தின்ன மறந்துபோனார். கட்டிலின் கால்மாட்டில் கடற்புல் வயல்போல விரிந்து ஒரே பக்கமாகச் சாய்ந்தாடியது. அதில் கடல்பசு ஒன்று குட்டியை அணைத்தபடி மேய்ந்தது. சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்செடுக்க அது மேலே வரும். அது மேலே வரும்வரை வார்டில் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள். வந்ததும் சேர்ந்து மூச்சை விடுவார்கள். பதின்மூன்றாம் கட்டிலில் இருந்த ஆஸ்துமாக்காரர் அதனுடன் சேர்ந்து மூச்சுவிட்டுப் பழகி, மருந்தைக் குறைத்துக்கொண்டார்.

கிளிமீன்கள் பாறையைக் கொறித்துக் கொறித்து மணலாகத் துப்பின. "நம்ம நடக்குற மணல் இதுல வந்ததா?" என்று தையற்கடைக்காரி கேட்டாள். கொஞ்சம் இதிலும் வந்தது என்று கோமளா சொன்னார். தையற்கடைக்காரி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டுப் படிவத்தைக் கேட்டாள். உறவுமுறை, தாய்.

அன்று மாலைக்குள் இருபத்தாறு பெண்கள் தாய் என்று கையெழுத்திட்டார்கள். மறுநாள் நூற்று நாற்பது. காய்ச்சல் முப்பத்தொன்றரைக்கு வந்தது. அதற்குமேல் இறங்கவில்லை. ஆண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், கண் கலங்கினார்கள். கட்டத்தைப் பார்த்ததும் மாமா என்று எழுதலாமா, சித்தப்பா என்று எழுதலாமா என்று கேட்டார்கள். மாமாவும் சித்தப்பாவும் பத்தியம் இருந்து பிள்ளைக்கு எதுவும் ஆனதாக மருத்துவத்தில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, குளுக்கோஸ் குழாயில் வாலைச் சுற்றிக்கொண்டிருந்த கடல்குதிரை ஒன்றுக்குப் பிரசவ வலி கண்டது. பிரசவ வார்டிலிருந்து ஆயா ஓடிவந்தார். வயிற்றுப் பை விரிந்து, நகக்கண் அளவு குட்டிகள் நூறு, இருநூறு என்று சிதறின. கடைசிக் குட்டி வெளியே வந்ததும் அது குழாயில் தலை சாய்த்துக் களைத்துக் கிடந்தது.

"தாய் நல்லா இருக்கா?" என்று பேக்கரிக்காரர் கேட்டார்.

"இது தகப்பன்" என்றார் கோமளா. "கடல்குதிரையில ஆம்பளைதான் சுமந்து பெறும்."

பேக்கரிக்காரர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். அவருக்குப் பின்னால் ஆண்களின் வரிசை மருந்து கொடுக்கும் ஜன்னலைத் தாண்டிப் போனது. பங்குச் சாமியாரும் பள்ளிவாசல் மோதினாரும் ஒருவருக்கொருவர் முதலில் போகச் சொல்லி உபசாரம் செய்துகொண்டு, கடைசியில் ஒரே தாளில் இரண்டு பேரும் தாய் என்று எழுதினார்கள். கோமளா புதிய தாள்களைத் தைத்துச் சேர்த்துக்கொண்டே இருந்தார். ஊர் முழுக்க ரசம் கொதித்தது. ஓடைக்கு இரும்பு வலை அடித்தார்கள். பேக்கரியில் பன்னைத் தாமரை இலையில் மடித்துக் கொடுத்தார்கள்.

மூன்றாம் வாரம் காய்ச்சல் இருபத்தொன்பதுக்கு இறங்கியது. அடைப்பை எடுக்கலாம் என்றார் டாக்டர்.

ஆனால் வயிற்றில் இருந்ததை இழுக்க மருத்துவமனையில் ஆள் போதவில்லை. டயர், செருப்பு, கயிறு, பாட்டில் எல்லாம் எளிதாக வந்தன. அடியில் ஒரு வலை பாறையைச் சுற்றி இறுகியிருந்தது. அதை அறுக்க மடி தெரிந்த கை வேண்டும். பெர்பெத்தம்மாள் ஆள் அனுப்பினாள். ததேயு கத்தியோடு வந்தான். அவளைப் பார்க்காமல் கட்டிலருகே மண்டியிட்டு உட்கார்ந்து, தோள் வரைக்கும் கையை உள்ளே விட்டான்.

வலை கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சிக்கியிருந்த நண்டுகளை ஒவ்வொன்றாக விடுவித்தான். ஓர் ஆமை வந்தது. கழுத்தில் நூல் பள்ளமாகப் பதிந்திருந்தது, உயிர் இருந்தது. அந்த நூலை அறுக்கக் கத்தியை வைத்தவன் நிறுத்தினான். அது இரட்டைச் சுருக்கில் நீலக் கயிறு கோத்த முடிச்சு. அப்படி முடிச்சுப் போடுகிற கை முள்ளிக்குடாவில் ஒன்றுதான் உண்டு. நான்கு வருடத்துக்கு முன்னால் பாறையில் மாட்டி, போனால் போகட்டும் என்று அவன் அறுத்துவிட்டு வந்த மடி அது.

அவன் கத்தியைக் கீழே வைத்தான். ஆமைக்கு வலிக்காமல் விரல் நகத்தாலேயே அந்த முடிச்சை அவிழ்க்க முக்கால் மணி நேரம் ஆனது. பெர்பெத்தம்மாள் பக்கத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளும் அந்த முடிச்சைப் பார்த்தாள். முடிச்சு அவிழ்ந்ததும் ஆமை கழுத்தை ஒருமுறை நீட்டிப் பார்த்துவிட்டுக் கடலுக்குள் போனது. கடல் நீளமாக ஒரு மூச்சு விட்டது. ஜன்னல் திரைகள் எல்லாம் வெளிப்பக்கமாகப் பறந்தன.

ததேயு கையைத் துடைத்துக்கொண்டு கோமளாவின் மேசைக்குப் போனான். கட்டத்தில் எழுதினான். பிறகு திரும்பி, "ரசம் இருக்கா?" என்று மனைவியிடம் கேட்டான். அவள் தூக்குவாளியைத் திறந்தாள். இருவரும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கடலை வைகாசி கடைசியில் வீட்டுக்கு அனுப்பினார்கள். வெளுத்த பாறைகளில் பாதியில் பழைய பழுப்பு நிறம் ஏறியிருந்தது. மீதி ஏற வருடங்கள் ஆகும், அதுவரைக்கும் பத்தியம் தொடர வேண்டும் என்று டாக்டர் சீட்டில் எழுதினார். கடல் மெதுவாகக் கடைத்தெரு வழியே நடந்தது. நாலாயிரத்துச் சொச்சம் தாய்மார்கள் இரண்டு பக்கமும் நின்று வழிவிட்டார்கள். யாரும் கைதட்டவில்லை, உடம்பு தேறிப் போகிறவரைப் பார்த்துக் கைதட்டுவது வழக்கமில்லை. முழங்கால் வரைக்கும் நனைந்தபடி நின்றிருந்தார்கள். கடல்பசுக் குட்டி கடந்துபோனபோது மட்டும், எல்லாரும் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். குடாவில் இறங்கியதும் கடல் தன் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து விரித்துக்கொண்டது. படகுகள் நிமிர்ந்தன. ததேயு இழுவை மடியைக் கழற்றிக் கரையில் போட்டுவிட்டு, தூண்டில் கயிறுகளைச் சுருட்ட ஆரம்பித்தான்.

பெர்பெத்தம்மாள் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சொந்த வீட்டில் அடுப்புப் பற்ற வைத்தாள். தண்ணீர் கொதித்து வரும்போது வாசலில் நிழல் விழுந்தது. எட்டிப் பார்த்தாள். கலங்கரை விளக்கம் நின்றிருந்தது. கொஞ்ச நாளாகத் தூரத்தில் இருப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிவதாகவும், ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போகத் தயக்கமாக இருப்பதாகவும் சொன்னது.

"கண் டாக்டர் வியாழக்கிழமைதான் வருவாங்க. அதுவரைக்கும் இங்கனயே இருங்க" என்று அவள் இன்னொரு தம்ளரை எடுத்துக் கழுவினாள். "குனிஞ்சு வாங்க. நிலை தாழ்வு."