வேப்பங்கன்று ஏறிய லாரி

ஜொகூரில் மார்கழி மழை எப்படிப் பெய்யும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கண்ணுகளா. வெயில் என்று ஒன்று இருந்ததே மறந்துபோகும். அடுப்புச் சாம்பல்கூடப் பிசுபிசுக்கும். அப்படி ஒரு மழையில்தான், சப்பான்காரன் வருவதற்குச் சில வருஷம் முன்னால், பேச்சியம்மாள் மூன்று பிள்ளைகளோடு லாரி ஏறினாள்.

ஜெமாலுவாங் பக்கத்துக் காட்டுத் தோட்டம் அது. அங்கிருந்து ஜொகூர் பாருவுக்கு மழைக்காலத்தில் ஒரு முழுப் பகல் பிடிக்கும். பேச்சியின் நடுப்பிள்ளை அய்யாவுக்கு நாலு வயது. மலைக்காய்ச்சல். போன முறை காய்ச்சல் ஏறியபோது வலிப்பு வந்து கண் சொருகிவிட்டது. பையன் திரும்பி விழிப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது. தோட்டத்து டிரஸ்ஸர் சரவணமுத்து, யாழ்ப்பாணத்துக்காரர், மலைக்காய்ச்சலுக்கான கொயினா மாத்திரைகளை ஒரு துணியில் முடிந்து அவள் கையில் கொடுத்தார்.

"மத்தியானக் குளிசையைத் தவறவிடாதையும், பிள்ளை. இருட்டுறதுக்கு முன்னம் பெரியாஸ்பத்திரியிலை சேர்த்துப்போட வேணும். இன்னொருக்கா வலி வந்தால் பெடியன் தாங்கான். விளங்குதே?"

விளங்கியது. துரையிடம் பேசி, அன்றைக்குப் போகிற லாரியில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அது யாருடைய லாரி என்பதைத்தான் அந்த நல்ல மனிதர் யோசிக்கவில்லை.

லெட்சுமணன் கங்காணியும் அவருடைய சொந்தக்காரர்களும் தோட்டத்தை விட்டுப் போகிற லாரி அது. தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துக்கு அரிசி அளந்து கொடுப்பது கங்காணியின் வேலை. படியின் அடியில் பலகை ஒன்றைச் செருகி, வருஷக்கணக்காகக் குறைத்தே அளந்தார். தொழிலாளர்களை விசாரிக்க வந்த வெள்ளைக்கார ஆபிசருக்கு யாரோ அதைக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள். துரை கங்காணியை மட்டும் வேலையிலிருந்து நிறுத்தவில்லை, அவர் கூட்டத்தையே வெளியே போகச் சொன்னார். காட்டிக் கொடுத்தது பேச்சியின் புருஷன் ஐயாசாமிதான் என்று கூட்டம் முடிவு கட்டியது. அவன் எழுந்து நிற்க முடியாதபடி அடித்தார்கள். நடக்க முடிந்ததும் அவன் இரவோடிரவாக மாசாய்ப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலை தேடிப் போய்விட்டான். பேச்சி வாயைத் திறக்கவே இல்லை.

இப்போது கூட்டம் பொந்தியானில் ஒரு புதுத் தோட்டத்துக்குப் போகிறது. கித்தான் கூரை கட்டிய லாரியில் அம்மி, உலக்கை, கோழிக்கூடு. நடுவில், நனையாத இடத்தில், கங்காணியின் மனைவி வெள்ளையம்மா. அவள் மடியில் ஒரு தகரத் தாம்பாளம், அதில் சிவப்புத் துணி சுற்றிய லயத்து மாரியம்மன் கல். பக்கத்தில் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு வேப்பங்கன்று. கோயில் மரத்தின் விதையிலிருந்து முளைத்தது. புது லயத்தில் அதை நட்ட பிறகுதான் அடுப்பு மூட்டுவது என்று பேசி வைத்திருந்தார்கள்.

"யாரு ஏறுறா பாருங்க மதினி," என்றாள் கங்காணியின் தங்கை கிருஷ்ணம்மா. "புகார்க்காரன் பொண்டாட்டி. நம்மளைத் தெருவுல விட்டுட்டு நம்ம லாரியிலயே சவாரி."

"தொர உத்தரவாம்டி. ஏறட்டும்." வெள்ளையம்மா பேச்சியின் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள். "கடைசியில குந்தட்டும். கித்தானுக்குள்ள ஒரு முழம் வரக்கூடாது."

பேச்சி கைப்பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு, அய்யாவைக் கம்பளியில் சுருட்டி மடியில் வைத்து, லாரியின் வால்பலகை ஓரம் உட்கார்ந்தாள். ஆறு வயது ராசம்மா அவள் முதுகில் ஒட்டிக்கொண்டது. கித்தான் அதுவரைக்கும் எட்டவில்லை. சாரல் சாட்டையாக அடித்தது.

"அம்மா, அங்க எடம் இருக்கே," என்று ராசம்மா கை காட்டியது.

"அது கோழிக்கு," என்றாள் கிருஷ்ணம்மா.

எல்லாரும் சிரித்தார்கள். குழந்தைகூட எதற்கென்று தெரியாமல் கொஞ்சம் சிரித்தது. பேச்சிக்கு அதுதான் அதிகம் வலித்தது.

போகப் போகக் குளிர் கூடியது. நம் ஊரில் ஏது குளிர் என்று நினைக்காதீர்கள். நனைந்த துணியோடு ஓடுகிற லாரியில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ராசம்மாவின் உதடு நாவற்பழம் தின்றதுபோல் ஆனது. கைப்பிள்ளை அழுதழுது ஓய்ந்தது. அய்யாவு மட்டும் அடுப்புபோல் கொதித்தான். யாரும் ஒரு கந்தல் துணி நீட்டவில்லை. முறுக்கு டின் ஒன்று கைமாறி வந்தது. ராசம்மா வரை வந்து, அப்படியே திரும்பிப் போனது.

கோத்தா திங்கிக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் லாரி செம்மண்ணில் புதைந்தது. மலாய்க்கார டிரைவர் தலையை நீட்டி, "துருன்! செமுவா துருன்!" என்று கத்தினார். எல்லாரும் இறங்கினார்கள். ஆண்கள் தள்ளினார்கள். சக்கரம் சுழன்று பேச்சியின் முகமெல்லாம் சேற்றை அடித்தது. ஒருவழியாக லாரி மேடேறி நின்றது. கூட்டம் முண்டியடித்து ஏறியது. பேச்சி ராசம்மாவைத் தூக்கிவிடப் போனாள். கிருஷ்ணம்மா வால்பலகையை இழுத்து அடைத்துவிட்டாள்.

"பாரம் தாங்காமத்தான் பொதஞ்சிச்சு. நீ பின்னாடி வா."

"அக்கா, புள்ளைக்குக் காய்ச்சல். ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"நடந்து வா," என்றாள் வெள்ளையம்மா உள்ளேயிருந்து. "இல்லேன்னா ஒம் புருஷன் காதுல ஓதுனானே, அந்த ஆபிசர், அவனைக் கூப்பிடு. காரு அனுப்புவான்."

இரண்டு பக்கமும் காடு. வழியில் வேறு வண்டி இல்லை. முன்னால் எஞ்சின் உறுமியது. பேச்சிக்கு என்ன செய்கிறோம் என்று யோசிக்க நேரமில்லை. அய்யாவின் கம்பளியை விலக்கினாள், சட்டையைத் தூக்கினாள். காய்ச்சலோடு கம்பளியில் சுருண்டு கிடந்ததில் பையனின் நெஞ்செல்லாம் வேர்க்குரு, சிவந்து பொரிந்திருந்தது.

"ஏத்த வேணாம், போங்க," என்று கத்தினாள். "ஆனா யாரை ரோட்டுல விட்டுட்டுப் போறீங்கன்னு பாத்துட்டுப் போங்க. ஆத்தா எம் புள்ளை மேல எறங்கியிருக்கா!"

வால்பலகை ஓரம் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அம்மை கண்ட இடத்தில் நம்மவர்கள் எப்படி ஆகிவிடுவார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள். சுருட்டு பிடித்தவன் அதைச் சேற்றில் போட்டான். முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்த கங்காணி இறங்கி வந்து, தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார். அவரே வால்பலகையைத் திறந்தார். அந்தக் கைதான் ஐயாசாமியை அடித்த கை.

"ஏறு தாயி," என்றார். பிறகு உள்ளே பார்த்து, "யாரும் ஒரு கடுஞ்சொல்லு பேசக்கூடாது. ஆத்தா கேட்டுக்கிட்டிருக்கா."

கோழிக்கூடு ஓரத்துக்குப் போனது. பேச்சிக்கு நடுவில், நனையாத இடம். வெள்ளையம்மா தன் உலர்ந்த சேலையை எடுத்துக் கைப்பிள்ளைக்குச் சுற்றினாள். ராசம்மாவுக்குச் சோறும் கருவாடும் இல்லை, கருப்பட்டியும் அவலும் கிடைத்தது. அம்மை உள்ள இடத்தில் கவிச்சி ஆகாதல்லவா? தின்றுவிட்டு அது கிருஷ்ணம்மாவின் மடியிலேயே தூங்கிப்போனது. அவளும் அதன் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். வெள்ளையம்மா டின்னில் இருந்த கன்றைத் தொட்டுக் கும்பிட்டு, அதன் இலைகளை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள். பையனின் தலைமாட்டில் வைத்தாள், கால்மாட்டில் வைத்தாள், மீதியால் மெல்ல விசிறினாள். கன்றில் நுனிக்கொழுந்து மட்டும் மிஞ்சியது.

"எனக்கும் ஒண்ணு இருந்தான்," என்றாள், பேச்சிக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "இதே வயசு. ஆத்தா வந்தப்ப எங்க மாமனாரு பேச்சைக் கேட்டு மருந்து குடுத்தோம். கோவிச்சுக்கிட்டா. கொண்டுபோயிட்டா."

பேச்சியின் கை இடுப்பில் செருகியிருந்த மாத்திரை முடிச்சைத் தேடியது.

கோத்தா திங்கியில் ஆற்றுவெள்ளம் ரோட்டில் ஏறியிருந்தது. அது கொஞ்சம் வடியும் வரை லாரி ஓரமாக நின்றது. மத்தியானம் ஆகிவிட்டது. பேச்சி முடிச்சை அவிழ்த்து ஒரு மாத்திரையை எடுத்தாள்.

வெள்ளையம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். கோபமாக இல்லை, அன்பாகத்தான். "ஒனக்குப் பைத்தியமாடி? நான் இப்பத்தானே சொன்னேன்?" முடிச்சை வாங்கி, அம்மன் கல்லுக்கு அடியில், தாம்பாளத்தில் வைத்துவிட்டாள். "இனி அவ பொறுப்பு. ஆஸ்பத்திரிப் பேச்சும் வேணாம். பொந்தியானுக்கு எங்ககூட வந்துரு. கன்னை நட்டு, அதுக்கு அடியிலயே புள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துவோம். எத்தினி நாளானாலும் நான் பாத்துக்கிறேன்."

வண்டி மறுபடி கிளம்பியது. அந்தப் பயணத்தில் பேச்சிக்கு மனசாரக் கிடைத்த முதல் நல்ல சொல், அந்த 'நான் பாத்துக்கிறேன்'. அதுவே பிள்ளையைக் கொன்றுவிடும்போல் இருந்தது. அய்யாவின் விரல்கள் துடிக்க ஆரம்பித்தன. போன முறையும் இப்படித்தான் விரலில் தொடங்கியது.

"அக்கா," என்றாள் பேச்சி. "நான் பொய் சொன்னேன். ஆத்தா இல்ல. வேர்க்குரு."

வெள்ளையம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். "மருந்து குடுக்கணும்னு தவிக்கிறே. பெத்த வயிறு. ஆத்தா வந்த எடத்துல புத்தி கலங்கும், தாயி. அவளையே இல்லேங்காதே."

"சத்தியமா இல்லக்கா!"

"சத்தமாப் பேசாதே," என்று கிருஷ்ணம்மா கெஞ்சினாள். "புள்ளைக்கு ஆகாது."

யாரும் நம்பவில்லை. இரக்கத்தோடு பார்த்தார்கள். ஜொகூர் பாருவின் கடைவரிசைகள் வரத் தொடங்கின. ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற முனை தாண்டினால் பிறகு தம்போய், அப்புறம் பொந்தியான் ரோடுதான். அய்யாவின் கை முழங்கை வரை வெட்டி இழுத்தது.

பேச்சிக்கு ஆத்தாள் மேல் பயம் இல்லாமல் இல்லை. அந்தக் கல்லைப் பார்த்து மனசுக்குள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"படியைக் கவுத்துக் காட்டுனது எம் புருஷன் இல்ல. நான்தான்."

விசிறிய கை நின்றது.

"ஆபிசர் லயத்துக்கு வந்தப்ப அவரு பால்மரம் வெட்டப் போயிருந்தாரு. வேற யாரும் பாக்கல. கைப்புள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு, ஒங்க வீட்டு வாசல்ல கெடந்த படியை எடுத்துக் கவுத்து, பலகையைத் தட்டி, ஆபிசரு பூட்ஸ் காலடியில விழ வச்சேன். எம் புள்ளைங்க பட்டினி கெடந்துச்சு, செஞ்சேன். எம் புருஷனை அடிச்சீங்க. எனக்காகத்தான் அவரு வாயைத் திறக்கல."

வெள்ளையம்மாவின் முகம் நிறம் மாறியது. "ஒம் புருஷன் ரெத்தம் கக்குறப்ப நீ பாத்துக்கிட்டு நின்னே," என்றாள் மெதுவாக. "அவ்வளவு பெரிய பொய்யை வயித்துக்குள்ள வச்சிருந்தவ…" பையனைப் பிடித்து இழுத்து, கித்தானைத் தூக்கி, வெளிச்சத்தில் அவன் நெஞ்சைப் பார்த்தாள். கட்டைவிரலால் தேய்த்தாள். ஒன்றில்கூட நீர் கோக்கவில்லை. அன்போடு பார்த்தபோது கண்ணில் படாதது, வெறுப்போடு பார்த்தபோது உடனே பட்டது.

"வேர்க்குரு! ஆத்தா பேரைச் சொல்லி எங்க கன்னை மொட்டையடிக்க வச்சிட்டாளே, பாவி!"

எல்லா வாயும் ஒரே நேரத்தில் திறந்தது. மூடி வைத்திருந்த அத்தனை கடுஞ்சொல்லும் வந்து விழுந்தது. கிருஷ்ணம்மா தூங்குகிற ராசம்மாவை மடியிலிருந்து தள்ளிவிட்டாள். யாரோ டிரைவர் தலைக்குப் பின்னால் தகரத்தைத் தட்டினார்கள். ஆஸ்பத்திரி முனையில் லாரி நிற்பதற்குள் பேச்சியின் மூட்டை ரோட்டில் கிடந்தது. கைப்பிள்ளையிடமிருந்து வெள்ளையம்மா சேலையை உருவிக்கொண்டாள். அம்மன் தாம்பாளத்தில் இருந்த முடிச்சைத் தீட்டுத்துணி மாதிரி இரண்டு விரலால் எடுத்து வீசினாள்.

"எடுத்துக்க. நீயும் ஒன் மருந்தும்! ஆத்தா ஒன்னை விடமாட்டா."

"எம் மேல வரட்டும்க்கா," என்றாள் பேச்சி. லாரி போய்விட்டது.

சேற்றில் மண்டியிட்டு அவள் முடிச்சைத் தேடி எடுத்தாள். கொட்டுகிற மழையைக் கையில் ஏந்தி, மாத்திரையைக் கரைத்து, பையனின் பல்லை விலக்கிப் புகட்டினாள். அவன் கசப்பில் முகம் சுளித்தான். அந்தச் சுளிப்பைப் பார்த்துத்தான் அவளுக்கு அன்றைக்கு முதல் தடவையாக அழுகை வந்தது.

ராசம்மா தூக்கக் கலக்கத்தில் அழுதது. "அந்த அத்தை ஏம்மா என்னைத் தள்ளிவிட்டுச்சு? இப்பத்தான் தலை துவட்டுச்சு."

"நட கண்ணு," என்றாள் பேச்சி.

ஆஸ்பத்திரி வாசலில் காவலுக்கு இருந்தவர் நம் ஆள்தான். அவர் அய்யாவைத் தொடவில்லை. அவன் முடியில் ஒரு வேப்பிலை ஒட்டிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"அம்மையா? அம்மைக் கேசு இங்க கெடையாது. அதுக்கு வேற எடம். போ, போ."

பேச்சி அந்த இலையை எடுத்தாள். எறியவில்லை, கண்ணில் ஒற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு, காலையில் காட்டு ரோட்டில் செய்தது மாதிரியே, பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள்.

"வேர்க்குருங்க, ஐயா. கையை வச்சுத் தேச்சுப் பாருங்க. காய்ச்சல். வெறும் காய்ச்சல்தான்."

அவர் தயங்கித் தயங்கிக் கட்டைவிரலை வைத்தார். தேய்த்தார். கதவைத் திறந்தார்.