வைத்தீஸ்வரன் தானம் கொடுத்த வண்டி

வைத்தீஸ்வரன் தம்முடைய ரேஞ்ச் ரோவரை மருந்தகத்துக்குத் தானமாகக் கொடுத்த நாளிலிருந்து டாக்டர் கோமதிக்கு நடை அதிகமாகிவிட்டது.

அதற்கு முன்னால் கல்கத்தா பெஹாலாவில் இருந்த அந்த மருந்தகத்துக்கு ஒரு வாடகை ஜீப் இருந்தது. கதவைக் கயிற்றால் கட்டித்தான் ஓட்ட வேண்டும், என்றாலும் ஓடும். சொந்தத்தில் சீமை வண்டி இருக்கும்போது வாடகை ஜீப் எதற்கு என்று மருந்தகத்தின் கமிட்டி கூடி, ஏகமனதாக ஜீப்பை நிறுத்தியது. கமிட்டியின் தலைவரும் வைத்தீஸ்வரன்தான். தீர்மானத்தை முன்மொழிந்தவரும் அவரே.

கிடர்பூரில் ஒரு கப்பல் ஏஜென்சியில் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஏஜென்சியின் கடைசி வெள்ளைக்காரர் கப்பலேறும்போது, தாம் ஆசையாக வரவழைத்த வண்டியை இவரிடம் விட்டுவிட்டுப் போனார். பாலேடு நிறம். ஆற்றில் இறங்கி அக்கரையில் ஏறும், மலை மேல் ஆடு மாதிரி போகும் என்று அதன் புத்தகத்தில் போட்டிருந்தது. வைத்தீஸ்வரன் அதை லேக் மார்க்கெட்டுக்குக் கத்தரிக்காய் வாங்க ஓட்டிப் போவார். பழைய கார்களைச் சேர்த்துவைக்கும் மார்வாரி சேட் ஒருவர் மூன்று முறை வந்து கேட்டும் விற்கவில்லை. பெட்ரோல் விலை ஏறியதும் தமிழ் வருஷப் பிறப்பன்று, நல்ல ஹோரை பார்த்து, எலுமிச்சம்பழம் நசுக்கி, பூசணிக்காய் உடைத்து, சாவியைக் கோமதியின் கையில் கொடுத்தார். போட்டோ எடுத்தார்கள். கோமதி அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டதுகூடப் போட்டோவில் விழுந்திருக்கிறது.

கரக்பூர் ரயில்வே கார்டு ஒருவரின் மகள் அவள். கண் துடைத்ததற்குக் காரணம் இருந்தது. பெஹாலாவைத் தாண்டி, தார் ரோடு முடிந்து, அதற்கும் அப்பால் வயல்காட்டுக்குள் இருந்தது ஷாலுக்டாங்கா. புதனும் சனியும் அங்கே போய்க் காசநோய்க்காரர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி போட வேண்டும். விட்டு விட்டுப் போட்டால் போடாமலிருப்பதே மேல். கிருமி மருந்தோடு சிநேகமாகிவிடும். போன வருஷ வெள்ளத்தில் ஊசி நின்றுபோய், தேறிக்கொண்டிருந்தவர்களில் சிலர் போயே போய்விட்டார்கள். இந்த மழைக்காலத்தில் ஒருநாள்கூடத் தவறக்கூடாது என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே வேண்டுதல். அந்த நேரம் பார்த்துத்தான் ஆற்றில் இறங்கும் வண்டி வந்து சேர்ந்தது.

வண்டியோடு டிரைவர் முகமது இஸ்மாயிலும் தானமாக வந்தார். நாகூர்ப்பக்கத்து மனிதர், கிடர்பூரிலேயே வளர்ந்தவர். அவர் மருந்தகத்தில் சம்பளம் வாங்கினார், வைத்தீஸ்வரனிடம் உத்தரவு வாங்கினார்.

முதல் உத்தரவு, மழை நாளில் வண்டி வெளியே வரக்கூடாது என்பது. சேற்றில் இறங்கச் செய்த வண்டி, சேறு படும் என்று உள்ளே நின்றது. அவசரமானால் டெலிபோனில் கேட்டுவிட்டு எடுக்கலாம் என்று வைத்தீஸ்வரன் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். கல்கத்தாவில் மழை பெய்தால் முதலில் செத்துப்போவது டெலிபோன். ஆகவே அனுமதி தேவையான நாளில் கேட்க முடியாது. கேட்க முடிந்த நாளில் தேவையில்லை.

மழை இல்லாத நாளுக்கு வேறு ஏற்பாடு இருந்தது. ஆனி பிறந்ததும் லேக் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களில் கல்யாணங்கள் தொடங்கின. மாப்பிள்ளை ஊர்வலம் போகும் ஜானவாசத்துக்கு மேல் திறந்த கார் கிடைப்பது அந்த நாளில் கஷ்டம். ரேஞ்ச் ரோவரின் பின்கதவு பாதியாகப் பிரிந்து பலகை மாதிரி கீழே இறங்கும். அதன்மேல் ஜமக்காளம் விரித்து மாப்பிள்ளையை உட்கார வைத்தால், ஊரைப் பின்னோக்கிப் பார்த்தபடி போவான். மாப்பிள்ளைகளுக்கு அது பிடித்திருந்தது. காசநோய் மருந்தகத்தின் வண்டி நாதஸ்வரத்துக்குப் பின்னால் காஸ் விளக்கு வெளிச்சத்தில் ஊர்ந்தது. நடக்கிற வேகத்துக்குமேல் அது போனதே கிடையாது.

ஆனியில் கல்யாணம். ஆடியில் கல்யாணம் இல்லை, மழை. கோமதி பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரை போய், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மருந்துப்பெட்டியைத் தலையில் வைத்து நடந்தாள். இரண்டு முறை பாதி வழியில் தண்ணீர் இடுப்பளவு வந்து திரும்பினாள். ஊசி விட்டுப்போனது. ஞாயிற்றுக்கிழமைகளில் வைத்தீஸ்வரன் மான்தோல் துணியோடு வந்து, எங்கும் போகாத வண்டியைத் துடைத்துவிட்டுப் போனார்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் அவர் வீட்டுக்கே போனாள். அவர் பாங்குக்குப் போயிருந்தார். அவர் மனைவி ஜெயலக்ஷ்மி காப்பி கொடுத்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“கன்னிகாதானம் பண்ணிக் குடுத்தப்புறம் தினம் சம்பந்தி ஆத்துக்குப் போய்ப் பொண்ணுக்குத் தலை வாரிவிடற அப்பாவை எங்கேயாவது கண்டிருக்கேளா?” என்றாள். “எங்காத்துல ஒருத்தர் இருக்கார்.”

“நீங்க கொஞ்சம் சொல்லக்கூடாதா மாமி?”

“நான் சொன்னா கேக்கறவரா இருந்தா, அந்த வண்டியையே வாங்கிண்டிருக்க மாட்டார். காப்பி ஆறிடறது, குடியுங்கோ.”

ஆவணியில் மழையும் இருந்தது, கல்யாணமும் இருந்தது. ஒரு புதன்கிழமை வானம் அதிசயமாக வெளுத்திருந்தது. கோமதி பெட்டியோடு போய் முன் ஸீட்டில் உட்கார்ந்துகொண்டாள். இஸ்மாயில் ஜமக்காளத்தை உதறிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கி ஜானவாசம் இருக்கும்மா. பேங்க் ஆபீசர் வூட்டு மாப்ள.”

“அது சாயங்காலம்தானே?”

“சேத்துல போயிட்டு வந்தா களுவித் தொடைக்கணும்ல. அய்யா டயருக்குள்ளாற வெரல வுட்டுப் பாப்பாரு.”

அவள் இறங்கி நடந்தாள். ஷாலுக்டாங்காவில் ஷெஃபாலி என்ற பெண், இரண்டு குழந்தைகளின் தாய், போன மாதம் வரை எடை கூடிக்கொண்டு வந்தவள், சேலைத் தலைப்பை வாயிலிருந்து எடுத்துக் காட்டினாள். தலைப்பில் ரத்தம் இருந்தது. கோமதி ஊசி போட்டுவிட்டுத் திரும்பினாள். லேக் பக்கம் அந்நேரம் வாணவேடிக்கை போயிருக்கும்.

மறுநாள் காலை அவள் தெருக்கோடியில் இருந்த சுவரெழுத்துக்காரனைக் கூப்பிட்டாள். பெஹாலாவின் சுவர்கள் அவன் கைவண்ணம்தான். தேர்தல் முடிந்து வேலையில்லாமல் இருந்தான். எந்தக் கட்சி என்று கேட்டான். கட்சி இல்லை, வியாதி என்றாள். எனாமல் சிவப்பில், இரண்டு பக்கமும், பின்கதவு முழுக்கவும் ‘யக்ஷ்மா’ என்று வங்காளத்தில் எழுதச் சொன்னாள். கீழே ஆங்கிலத்தில் ‘டி.பி.’. அதற்கும் கீழே எழுத, ‘காசநோய்’ என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். அவன் அதை எழுத்தாக அல்லாமல் படமாக நினைத்து, பயபக்தியோடு வரைந்தான்.

இஸ்மாயில் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். பிறகு பஸ் பிடித்துப் போய் வைத்தீஸ்வரனை டாக்ஸியில் கூட்டிவந்தார்.

வைத்தீஸ்வரன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். தமிழில் எழுதியிருந்ததைத்தான் அதிக நேரம் படித்தார்.

“என்ன பண்ணியிருக்கேள் டாக்டர்?”

“மருந்தகத்தோட பேரு சார். வண்டி மருந்தகத்தோடதுதானே?”

“பேர்னா ஓரமா, சின்னதா ஒரு பித்தளைத் தகடு வெச்சா ஆகாதா? மேலே வேற பெயிண்ட் அடிச்சுடலாம். நான் ஏற்பாடு பண்றேன்.”

“அடிக்கலாம் சார். ஆனா நாளன்னிக்கிலேர்ந்து பேஷண்ட்டுங்களை இதுலதான் கூட்டிட்டு வரப்போறேன். இருமுவாங்க. பெயிண்ட் அடிச்சா எழுத்துப் போயிடும். சீட்டுல இருமினது போகுமா, உங்களுக்கே தெரியும்.”

வைத்தீஸ்வரன் கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

“அடுத்த வாரம் எங்க சிநேகிதர் சந்தானத்தோட பிள்ளை ஜானவாசத்துக்கு வண்டி தரேன்னு சொல்லியிருக்கேன். இதுல இனிமே எந்த மாப்பிள்ளை ஏறுவான்?”

“ஏறமாட்டாங்க சார்.”

அவர் டாக்ஸியில் ஏறினார். மான்தோல் துணியை இஸ்மாயிலிடம் கொடுத்துவிட்டுப் போனார். அது ஒன்றுதான் அவர் உண்மையிலேயே முழுசாகக் கொடுத்த தானம்.

சனிக்கிழமை இஸ்மாயில் மறுபேச்சுப் பேசாமல் வண்டியை எடுத்தார். டி.பி.க்கு அவர் பயப்படுகிறவர் இல்லை, கீறலுக்குத்தான் பயம். அதற்குமேல் கீற இடமில்லை என்று ஆனபின் அவருக்கும் விடுதலையாக இருந்திருக்க வேண்டும். தார் ரோடு முடிந்ததும் கோமதி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி சேற்றில் இறங்கியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு எருமை மாதிரி நிதானமாக ஏறிப் போயிற்று. புத்தகத்தில் எழுதியிருந்தது பொய்யில்லை. பாதி நாள் நடந்த தூரம் ஒரு கொட்டாவி விடுவதற்குள் முடிந்தது.

ஷாலுக்டாங்காவில் குளத்தங்கரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஊசிகளைக் கொதிக்கவைத்தாள். ஒருவரும் வரவில்லை.

நடந்து வந்த நாட்களில் அவள் பெட்டியை இறக்குமுன் வந்து நிற்பவர்கள். இன்று குடிசைகளின் கதவு ஒருக்களித்துத் திறந்தது, மூடியது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் சிவப்பு எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டி உரக்கப் படித்தன. கிழவி ஒருத்தி அவற்றை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

கோமதி ஷெஃபாலியின் வீட்டுக்குப் போனாள். மாமியார் வாசலை மறித்து நின்றாள். மெதுவான குரலில்தான் பேசினாள். இத்தனை நாளும் மருமகளுக்குச் சளி என்றுதான் ஊருக்குச் சொல்லியிருந்தாளாம். இருமல் டாக்டர் வந்தார், ஊசி போட்டார் என்றால் ஒருவரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். அந்த வண்டியண்டை போய் நின்றால் பேரனுக்கு நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கேட்டாள். பேரன் அவள் இடுப்பில் கட்டைவிரலைச் சூப்பிக்கொண்டிருந்தான்.

மாப்பிள்ளைகளை விரட்டுவதற்கு எழுதியது எல்லோரையுமே விரட்டும் என்று படித்த டாக்டருக்குத் தோன்றவில்லை. கோமதி குளத்தங்கரைக்குத் திரும்பி வந்து வண்டியின் முன்னால் நின்றாள். யாரையாவது திட்டலாம் என்று பார்த்தால், எழுதச் சொன்னது அவள்தான்.

குனிந்து, இரண்டு கையாலும் சேற்றை அள்ளிக் கதவின்மேல் அப்பினாள்.

இஸ்மாயில் வாயைத் திறந்தார். “டாக்டரம்மா.”

“பின்கதவை நீங்க பாத்துக்குங்க.”

அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஆங்கிலம் முதலில் மறைந்தது, பிறகு தமிழ், கடைசியில் வங்காளம். பாலேடு நிறமும் எங்கேயும் தெரியாமல் போயிற்று. அது ஒரு வண்டி என்றே சொல்ல முடியாத பக்குவத்துக்கு வந்தபின், தூரத்துக் குடிசை ஒன்றிலிருந்து ஒரு ஆள் வேறு எங்கோ போகிறவன் மாதிரி நடந்து வந்து, சட்டையைத் தூக்கிக் காட்டினான். அவனுக்குப் பின்னால் இருவர். அப்புறம் முக்காடு போட்டுக்கொண்டு ஷெஃபாலி வந்தாள். போன மாதம் இரண்டு தடவை ஏன் வரவில்லை என்று கோமதியை வங்காளத்தில் திட்டிக்கொண்டே கையை நீட்டினாள்.

கோமதி ஊசியை ஏற்றினாள். மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. முதல் தூறல் கதவில் விழுந்து, சேற்றில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. இஸ்மாயில் குனிந்து இன்னொரு கை சேற்றை அள்ளினார்.