கெசையா தூக்காத கை

1

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில், ஹேல்ஸ்போர்ட் துறைமுகத்தில் மீன் வாங்கப்போன இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. விலை படியாமல் நகர மறுத்த ஒரு பெண்ணைப் பார்த்து மீன்காரர், "கெசையா மாதிரி நிக்காதே தாயி, வழி விடு" என்றார். இந்த ஊரில் இத்தனை வருஷம் குடியிருந்தும் கெசையா யார் என்று நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன். ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். விட்டுப்போன இடங்களை நானே இட்டு நிரப்புகிறேன். அதை மறைக்கப் போவதில்லை.

முதலில் அவள் கணவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். இப்படி:

'மாசசூசெட்ஸ் இங்கிலாந்து ராஜாவின் கீழ் இருந்த காலத்தில், எலைஃபலட் தார்னைப் போல வாதாடும் வக்கீல் இந்தக் கடற்கரை நெடுக ஒருவரும் இல்லை. அவர் எழுந்து நின்றால் நீதிபதியின்...'

அடித்துவிட்டேன். நல்ல வக்கீல், அவ்வளவு போதும். ஒவ்வொரு வரியிலும் அவர் மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

2

கெசையா குவேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையில் பிறந்தவள். வெளியாளைக் கட்டிக்கொண்டாள் என்று சபை அவளை விலக்கிவைத்தது. அவளோ சபையின் ஒரு வழக்கத்தையும் விடவில்லை. (அவற்றில் இரண்டு நமக்கு வேண்டும். யாராக இருந்தாலும் 'நீ'தான். கணவனுக்கும் கவர்னருக்கும் ஒரே சொல். தமிழில் எழுதக் கூசுகிறது, ஆனாலும் மாற்றவில்லை. இன்னொன்று, சத்தியம் செய்யக் கூடாது, கோர்ட்டில் வலது கையைத் தூக்கிச் செய்கிற சத்தியம்கூட.)

பனிக்காலச் சாயங்காலம் ஒன்றில் ஒரு வியாபாரியின் கிடங்கு எரிந்தது. உள்ளே இருந்த காவலாளி செத்துப்போனான். வியாபாரியோடு முன்பு சண்டை போட்டவன் என்று மீனவன் ஒபெட் கிம்பாலைப் பிடித்தார்கள். குற்றம் நிரூபணமானால் தூக்கு. ஆனால் தீப்பிடித்த நேரத்தில் ஒபெட், தார்ன் வீட்டுச் சமையலறையில் கெசையாவிடம் விலாங்கு மீன் விற்றுக்கொண்டிருந்தான். அவளைத் தவிர வேறு யாரும் அவனைப் பார்க்கவில்லை.

பாதி ஜெயித்துவிட்ட சந்தோஷத்தோடு எலைஃபலட் ஒபெட்டின் வழக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கெசையா பானையை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டே சொன்னாள்:

"பார்த்ததைச் சொல்றேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

"சொத்து வழக்குன்னா உங்க ஆளுங்களுக்கு விலக்கு உண்டு. இது உயிர் வழக்கு, கெசையா. சத்தியம் பண்ணாம உன்னை வாயைத் திறக்கவே விடமாட்டாங்க."

"சத்தியம் பண்ணினாத்தான் உண்மை பேசுவேன்னா, மத்த நாளெல்லாம் உன்கிட்ட நான் பொய்யா பேசிட்டிருக்கேன்?"

"உன்னைத் தள்ளிவெச்ச கூட்டத்துக்காகவா இவ்வளவும்?"

"அவங்க என்னைத் தள்ளினாங்க. நான் எதையும் தள்ளலை."

மகள் லிடியா ரொட்டியை மென்றபடி, "அம்மாகிட்ட வாதாடி நீங்க எப்பப்பா ஜெயிச்சிருக்கீங்க?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

"ஒபெட்டுக்குக் குழந்தைங்க இருக்கு," என்றார் எலைஃபலட்.

"தெரியும். சின்னவ போட்டிருக்கற கம்பளிச் சட்டை நான் பின்னினது."

(இந்த இடத்தில் எனக்கு அவள்மேல் கோபம் வந்து, சில நாள் எழுதாமல் விட்டேன். பிறகு அவளைக் கொஞ்சம் இளகவைத்து எழுதிப் பார்த்தேன்: கையைத் தூக்குகிறாள், ஒபெட் பிழைக்கிறான், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பக்கங்களில் இருந்தது கெசையா இல்லை, நான். கிழித்துப் போட்டேன்.)

3

"வலது கையைத் தூக்கும்மா," என்றார் நீதிமன்றக் குமாஸ்தா.

கெசையா தூக்கவில்லை. நீதிபதியை நேராகப் பார்த்தாள். "நான் பார்த்ததைச் சொல்றேன். நீ கேட்பியா?"

அந்த 'நீ'யைக் கேட்டுக் கூட்டம் மூச்சை இழுத்தது.

"சத்தியம் பண்ணாதவங்க வார்த்தை இங்கே செல்லாது. போய் உட்காரு."

"நீ கேட்கற வரைக்கும் நிக்கறேன்."

"ஜெயில்ல போட்டுடுவேன்."

"அங்கேயும் நிக்கலாம்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கால் வலித்தால் தானே உட்காருவாள் என்று நீதிபதி விட்டுவிட்டார்.

அவள் உட்காரவில்லை. சால்வையைப் போர்த்துக்கொண்டு நின்றாள். சாட்சிகள் வந்தார்கள், ஒபெட்டுக்கு எதிராகப் பேசினார்கள், போனார்கள். ஜூரிகளின் கண் பேசுகிறவர்மேல் நிலைக்காமல் அவளிடமே போய்ப் போய் வந்தது. கூண்டிலிருந்து ஒபெட்டும் அவளைத்தான் பார்த்தான், முதலில் கெஞ்சலாக, போகப்போக வெறுப்பாக.

(எலைஃபலட்டுக்காக இங்கே ஒரு நீண்ட வாதம் எழுதிவைத்திருந்தேன். நல்ல தமிழ். ஆனால் சொன்னவர்கள் எல்லோரும், அவர் பேசியது கொஞ்சம்தான் என்கிறார்கள்.)

"எனக்குச் சாட்சி கிடையாது," என்று ஆரம்பித்தார். மனைவியைச் சுட்டிக்காட்டினார். "இவ என் பொண்டாட்டி. ஒரு உயிருக்காகக்கூடத் தன் கொள்கையை விடாதவ, ஒரு பொய்க்காகவா காலையிலேருந்து நிக்கறா?"

"தார்ன், உட்காருங்க!" என்றார் நீதிபதி.

உட்கார்ந்தார். ஜூரிகள் எழுந்து உள்ளே போனார்கள்.

எத்தனை முறை எழுதினாலும் இந்த இடத்தில் என் பேனா நின்றுவிடுகிறது. இது பக்தியா, கொடுமையா? எனக்குத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பதுபோல அவளைப் பார்க்கிறேன். அவ்வளவுதான் முடிகிறது.

ஜூரிகள் திரும்பி வந்தார்கள். "குற்றவாளி இல்லை."

4

வெளியே பனியில் ஒபெட் அவளை வழிமறித்தான். "உங்க கொள்கைக்கு என் கழுத்துதான் கிடைச்சுதா? ஒரு கை. ஒரு கையைத் தூக்கறதுதானே!"

"உன் கோபம் நியாயம்தான்," என்றாள். அதற்குள் அவன் திரும்பி நடந்துவிட்டான்.

வீட்டுக்குப் போகும் வழியில் எலைஃபலட் கேட்டார்: "ஜூரிங்க வேற மாதிரி சொல்லியிருந்தா? அப்பவாவது கையைத் தூக்கியிருப்பியா?"

'தூக்கியிருக்க மாட்டேன்' என்றாள் என்பது மீன்காரர் சொன்ன முடிவு. 'அப்போ தூக்கியிருப்பேன்' என்றாள் என்பது அந்த மீன்காரரின் மனைவி சொன்னது. இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டிலும் அவள் குரல் கேட்கவில்லை. இரண்டையும் அடித்துவிட்டேன்.

இதை மட்டும் எல்லோரும் ஒரே மாதிரி சொல்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் லிடியா அம்மாவின் சால்வையை வாங்கினாள். வாங்கியவள், "அப்பா!" என்று கத்தினாள். கெசையாவின் வலது மணிக்கட்டு நீலம் பாரித்து வீங்கியிருந்தது. நகங்கள் பதிந்த இடத்தில் ரத்தம் உறைந்திருந்தது. அவளுடைய நகங்கள்தான். அந்தப் பகல் முழுக்க, சால்வைக்குள், இடது கையால் வலது கையைப் பிடித்துக் கீழே அழுத்தியபடி நின்றிருக்கிறாள்.

எலைஃபலட் வெந்நீர் கொண்டுவந்து, அவள் முன்னால் மண்டியிட்டு, அந்தக் கையைக் கழுவினார். வழியில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை.

எனக்கும் கேட்கத் துணிவில்லை. நீங்கள் வேண்டுமானால், அந்த வெந்நீர் ஆறுவதற்குள், போய்க் கேளுங்கள்.