குளம்பில்லாத ஒட்டகச்சிவிங்கி

கடலோரப் பொழுதுபோக்குப் பூங்காவில் ரோலர் கோஸ்டர் ஏறுகிறவர்களின் மடிமேல் இரும்புக் கம்பியை இறக்கிப் பூட்டுவது அவள் வேலை. அதனால் எல்லாருக்கும் அவள் கம்பி அக்கா. அவள் மகளோ ஊருக்கே கேட்கிற வாயும் உள்ளங்கையில் அடங்குகிற உருவமுமாக இருந்தாள். பூங்காவே அவளை 'அரை டிக்கெட்' என்றுதான் கூப்பிட்டது.

ரோலர் கோஸ்டர் வாசல் சுவரில் ஓர் ஒட்டகச்சிவிங்கி வரைந்திருக்கும். அதன் தாடையைத் தலை தொட்டால் ஏறலாம், இல்லையென்றால் குடைராட்டினம்தான் கதி. பூங்காவைத் தொடங்கியவர் அதைச் சும்மா வரையச் சொல்லவில்லை. முதல் வருஷமே அவருடைய சின்ன மகள் கம்பிக்கு அடியில் நழுவி விழுந்து, பிழைத்ததே பெரும்பாடாகிவிட்டது. அந்தச் சின்ன மகள்தான் இப்போது முதலாளியம்மா. இடது கை இன்றைக்கும் முழுதாக நீளாது.

"தாடையத் தொட்ட அன்னைக்கே உன்னை முன் பெட்டியில உக்கார வைக்கிறேன்," என்று கம்பி அக்கா மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அரை டிக்கெட் அந்த வாக்கைப் பிடித்துக்கொண்டுதான் சோறே தின்றாள்.

இதற்கிடையில் ஒரு புயல் கடலைப் பூங்காவுக்குள் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனது. மாதக்கணக்கில் வேலை நடந்தது. தண்டவாளம் மாறியது, திருகாணிகள் மாறின, இனித் தண்ணீர் தேங்கக்கூடாதென்று தரையை உயர்த்தி சிமென்ட் போட்டார்கள். திறப்பு நாளன்று வாசலில் எள் விழ இடமில்லை.

"அம்மா! தொட்டுட்டேன்!"

கம்பி அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மகளைக் கட்டிக்கொண்டாள். மகளின் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தபோதுதான் சுவரின் அடிப்பக்கம் கண்ணில் பட்டது. ஒட்டகச்சிவிங்கிக்குக் குளம்புகளே இல்லை. நாலு காலும் சிமென்டுக்குள் புதைந்திருந்தன.

தரைதான் உயர்ந்திருக்கிறது, மகள் வளரவில்லை. அன்று காலையில் இதே கால்களைப் பார்த்து, 'பாவம், சேத்துல நிக்குது' என்று யோசிக்காமல் சிரித்தவளும் கம்பி அக்காவேதான். அதற்குள் பெட்டிகளில் பொடிசுகள் ஏறி உட்கார்ந்துவிட்டன. கண்டும் காணாமல் இருந்துவிடலாம். சொன்னால் முதலில் இறங்க வேண்டியது தன் பிள்ளை.

நேராக முதலாளியம்மாவிடம் போனாள். "அம்மா, வண்டிய எடுக்க வேண்டாம். அந்தக் காலைக் கொஞ்சம் பாருங்க."

முதலாளியம்மா பார்த்தார். அவர் வலது கை தானாக இடது முழங்கையைப் பிடித்துக்கொண்டது. "எல்லாரையும் இறக்கு."

"திறப்பு நாளும் அதுவுமா..." என்று மேனேஜர் இழுத்தார்.

"எங்கப்பா அதை அழகுக்கா வரையச் சொன்னாரு? இறக்குங்க."

பெயின்டர் வந்து ஒட்டகச்சிவிங்கியை மேலே தூக்கி வரைந்தார். கூட்டம் முணுமுணுத்தது. அரை டிக்கெட் முணுமுணுக்கவில்லை, பூங்கா அதிர அழுதாள். "பொய்க்காரி! ஏத்துறேன்னு சொன்னல்ல!"

அந்த வார்த்தை தாயைச் சுட்டது. சாயங்காலம் கூட்டம் கலைந்ததும், நின்றிருந்த முன் பெட்டியில் மகளை உட்காரவைத்துக் கம்பியை இறக்கிப் பூட்டினாள். "இப்பக் கீழ நழுவிப் பாரு."

அரை டிக்கெட் முறைத்துக்கொண்டே நழுவினாள். கம்பி அவளைத் தொடக்கூட இல்லை. பெட்டியின் அடியில் கிடந்தபடியே அந்தக் கம்பியை அண்ணாந்து பார்த்தாள்.

"முதலாளியம்மா இப்படித்தான் விழுந்தாங்களாம்மா?"

"ஆமாடி."

வெளியே வந்த மகள் அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். வீடு போகும்வரை விடவே இல்லை.

அடுத்த வருஷம் ஒருநாள் காலையில் மகள் சுவரோடு ஒட்டி நின்றாள். தலையைத் தொட்டுப் பார்க்குமுன் குனிந்து தரையைத்தான் பார்த்தாள். "நாலு குளம்பும் இருக்கும்மா. நீயும் பாத்துக்கோ."

கம்பி அக்கா பார்த்தாள். பிறகு தாடையைப் பார்த்தாள். தலை நன்றாகவே தொட்டது.

முன் பெட்டியில் கம்பி இறங்கி மகளின் மடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தாள். மறுபடியும் இழுத்துப் பார்த்தாள்.

"போதும்மா, மூச்சு முட்டுது!"

"இருடி," என்று இன்னொரு தடவை இழுத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பச் சொல்லிக் கையை உயர்த்தினாள்.